பரு அடங்கிய பின்னும் நிற்கும் சிவப்பு

பரு அமுங்கிவிட்டது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படவில்லை, அழுத்தினால் வலியில்லை. ஆனாலும் அது இருந்த இடத்தில் தட்டையான சிவப்புத் திட்டு ஒன்று நிற்கிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு ஒன்றே: பரு முடிந்தது, இனி கறையைப் போக்க வேண்டும். பரு மருந்தை நிறுத்திவிட்டு வெளுக்கும் க்ரீமுக்கும், தேய்க்கும் ஸ்க்ரப்புக்கும், பார்லர் ஃபேஷியலுக்கும் போகிறார்கள். அந்த முடிவு தலைகீழானது. அந்தச் சிவப்பு பரு விட்டுப்போன கறையில்லை, பருவின் இன்னும் முடியாத பகுதி. ஆகவே அதற்கான முதல் சிகிச்சையும் பருவுக்கான சிகிச்சைதான். வெயிலிலிருந்து காப்பது அடுத்தது. 'மங்கச் செய்யும்' என்று விற்கப்படும் எல்லாமே அதற்கும் பின்னால்தான் வரும். மூன்றே நாளில் சிவப்பை அழிக்கும் க்ரீமைக் கண்டால் மகிழ்வதற்கு முன் அதன் ட்யூபைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் பரு, தெரியாவிட்டால் இல்லை என்றே நாம் கணக்கு வைக்கிறோம். தோலுக்குள் நடப்பது வேறு. மயிர்க்கால் துளையில் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த செல்களும் அடைத்து, அங்கே வாழும் பாக்டீரியா பெருகி, அதன் பிறகே அழற்சி வருகிறது என்பது பழைய விளக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட திசு ஆய்வு இந்த வரிசையைக் கலைத்தது. பரு உள்ளவர்களின் முகத்தில் பார்வைக்கு எந்தக் குறையுமற்ற மயிர்க்கால்களைச் சுற்றியும் அழற்சிச் செல்கள் ஏற்கெனவே கூடியிருந்தன. பரு தெரிவதற்கு முன்பே அழற்சி தொடங்கிவிடுகிறது. பரு மறைந்த பின்னும் அது ஓய்வதில்லை. சேதமான இடத்தைச் சீர்செய்ய ரத்த நுண்குழாய்கள் விரிகின்றன, புதிதாகவும் முளைக்கின்றன. மேல்தோல் மெலிந்திருப்பதால் அவற்றிலுள்ள ரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. கல்யாணம் முடிந்த வீட்டில் பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் நிற்பதைப் போன்ற நிலை இது. உள்ளே வேலை பாக்கியிருக்கிறது. இந்தச் சிவப்பைக் கரும்படிவிலிருந்து பிரித்துத் தனியாகப் பேச வேண்டும் என்று பே-ஹார்போ, கிரேபர் என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் எழுதியதே 2013-இல்தான். அதுவரை பருவுக்குப் பின் நிற்கும் எல்லா நிறமாற்றத்தையும் ஒரே கணக்கில் எழுதும் பழக்கமே பரவலாக இருந்தது. இன்றும் பல கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்தான் எடுத்து நீட்டப்படுகிறது.

'வெறும் அழகுப் பிரச்சினைதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?' என்று கேட்கலாம். அழகுப் பிரச்சினையாகவே இருந்தாலும் அது சின்ன விஷயமில்லை. ஆனால் இங்கே அதைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. 2004-இல் வந்த இன்னொரு ஆய்வு, பருவால் குழி விழும் தோலையும் விழாத தோலையும் ஒப்பிட்டது. குழி விழாதவர்களின் பருவில் அழற்சி தொடக்கத்திலேயே ஓங்கி எழுந்து, பரு அமுங்கும்போது தானும் அடங்கியது. குழி விழுகிறவர்களுக்கோ தொடக்கம் மந்தமாக இருந்து, பரு அமுங்கும் கட்டத்திலும் அழற்சி அடங்காமல் நீடித்தது. பின்னர் 2017-இல், ஒரே முகங்களை மாதக்கணக்கில் தொடர்ந்து வரைபடமிட்டுப் பார்த்த ஆய்வில், பரு நேராகக் குழியாக மாறுவதோடு, பரு சிவப்புத் திட்டாகி அந்தத் திட்டு குழியாவதும் உண்டு என்று தெரிந்தது. எல்லாச் சிவப்பும் குழியாவதில்லை; பெரும்பாலானவை சுவடில்லாமல் போகும். ஆனால் எது போகும், எது குழியும் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சிவப்பாக இருக்கும் காலம் தோல் இன்னும் தன் முடிவை எடுக்காத காலம். மருந்துக்கு அங்கே வேலை இருக்கிறது. குழி விழுந்த பிறகு அதை நிரப்புவது பன்மடங்கு கடினம், பன்மடங்கு செலவு.

அடுத்த கேள்வி நம் நிறத்தைப் பற்றியது. 'சிவப்பெல்லாம் வெள்ளைத் தோலுக்கு. மாநிறத்திலும் கறுப்பிலும் அது எங்கே தெரியப்போகிறது?' தோல் மருத்துவ நூல்களின் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால் எழும் சந்தேகம் இது. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கிய தோல் வகைப்பாட்டில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் வருவார்கள். இந்த வகைகளில் அழற்சி குறைவதில்லை, அதன் தோற்றம்தான் மாறுகிறது. மெலனின் படலத்தின் வழியே பார்க்கும்போது ரத்தச் சிவப்பு செம்பு நிறமாகவோ மங்கிய கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும். 1996-இல் அமெரிக்காவில் ரெபாட் ஹால்டரின் குழு கறுப்பினத்தவரின் பருக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளியே சாதுவாகத் தெரிந்த சிறு அடைப்புகளுக்குள்ளேயே கடுமையான அழற்சி இருந்தது. வெளியே சிவப்பு தெரியாதது உள்ளே அமைதி என்பதற்குச் சான்றில்லை. போதாக்குறைக்கு, நம் தோலில் அழற்சி மெலனின் செல்களையும் கிளறிவிடுவதால் சிவப்பின் மேலேயே கரும்பழுப்பு படிகிறது. ஒரே திட்டில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம்.

இரண்டில் எது மிகுதி என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்றை, மழுங்கிய விளிம்புள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகமும் ஆகும். பகல் வெளிச்சத்தில் திட்டின் மேல் அதை வைத்து மெல்ல அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். அழுத்தத்தில் ரத்தம் விலகித் திட்டு வெளிறினால் அது நுண்குழாய்ச் சிவப்பு. வெளிறாமல் அப்படியே நின்றால் மெலனின் படிவு. பாதி மங்கி மீதி பழுப்பாக நின்றால் கலவை. இதைத் தெரிந்துகொள்வதால் கைமேல் பலன் ஒன்று உண்டு. ஹைட்ரோகுவினோன், கோஜிக் அமிலம், ஆர்பூட்டின் முதலியவை மெலனின் உற்பத்தியைத் தடுப்பவை. ரத்தக் குழாய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி அழுத்தத்தில் முழுதும் வெளிறும் திட்டுக்கு அவற்றைப் பூசுவதில் பயனே கிடையாது. அவை எரிச்சல் தந்தால் சிவப்பு கூடவும் செய்யும்.

இனி சிகிச்சை. பரு இல்லாத இடத்தில் பரு மருந்து எதற்கு என்ற கேள்விக்கு மேலே சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியை ஓர் ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மிதமானது முதல் கடுமையானது வரை பரு உள்ளவர்களின் முகத்தில் ஒரு பாதிக்கு 0.3% அடாபலீனும் 2.5% பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஜெல் என்று 24 வாரம் பூசிப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. மருந்து பூசிய பாதியில் குழித்தழும்புகளின் எண்ணிக்கை சுமார் 15% குறைந்தது. பூசாத பாதியில் சுமார் 14% கூடியது. ஒரே ஆளின் ஒரே முகம், ஒரே உணவு, ஒரே தூக்கம். பரு மருந்து வரப்போகும் பருவை மட்டும் தடுக்கவில்லை, வந்துபோன பருவின் கதையையும் மாற்றுகிறது. இன்னொரு எளிய கணக்கும் உண்டு. புதுப் பரு வந்துகொண்டே இருக்கும் முகத்தில் பழைய சிவப்பு எவ்வளவு வேகமாக மறைந்தாலும் மொத்தச் சிவப்பு குறையாது. 'எத்தனை மாதமாக இந்தத் திட்டு போகவே இல்லை' என்று சொல்பவர்களில் பலரது முகத்தில் பழைய திட்டு போய், அதன் பக்கத்திலேயே புதியது வந்திருக்கும்.

அடாபலீன் 0.1% ஜெல்லில் தொடங்குவது பலருக்குப் போதும். இரவில், முகம் கழுவி நன்றாக உலர்ந்த பின், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுதும் மெல்லப் பரப்ப வேண்டும். சிவப்புத் திட்டின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தால் நோக்கமே கெட்டுவிடும், ஏனென்றால் அடுத்த பரு எங்கே வரும் என்று தெரியாது. முதல் சில வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வறட்சியும் தோல் உரிதலும் வந்தால் இரண்டு நாள் விட்டுக்கூடப் போடலாம், அதன் மேல் மாய்ஸ்ச்சரைசர் பூசலாம். இங்கே அவசரம்தான் எதிரி. மருந்து தரும் எரிச்சலும் ஓர் அழற்சியே. நம் தோலில் அது புதுச் சிவப்பாகவும் பிறகு புதுக் கருமையாகவும் வந்து நிற்கும். பென்சாயில் பெராக்சைடிலும் இதே கதை. 1986-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் 2.5% ஜெல், அழற்சிப் பருவைக் குறைப்பதில் 5%-க்கும் 10%-க்கும் சளைத்ததாக இல்லை. எரிச்சல் மட்டும் 10%-ஐ விடக் குறைவு. சதவீதம் கூடினால் வேகம் கூடும் என்று பத்தை வாங்குவது வீண். (தலையணை உறையும் துண்டும் வெளுத்துப்போகும், வெள்ளைத் துணியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும்.

ஒரே ஒரு மருந்தைத்தான் எடுக்கலாம் என்றால் நம் தோலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அசலாயிக் அமிலம். 20% க்ரீம் பருவுக்காகவும், 15% ஜெல் ரோசேஷியா என்ற முகச்சிவப்பு நோய்க்காகவும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றவை. பாக்டீரியாவைக் குறைக்கும், துளை அடைப்பைத் தளர்த்தும், அழற்சியை அடக்கும், மெலனின் உற்பத்தியையும் ஓரளவு தடுக்கும். சிவப்பும் கருமையும் கலந்த திட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது அரிது. கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் இதைத் தயங்காமல் எழுதுவதுண்டு. குறை என்னவென்றால், பூசிய முதல் சில வாரங்கள் அரிப்பும் சுரீரென்ற எரிச்சலும் இருக்கும். பலரும் அதற்குப் பயந்தே கைவிடுகிறார்கள். மிகவும் மெதுவான மருந்தும்கூட. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும். நியாசினமைடு சீரங்களுக்கு இப்போது இருக்கும் மவுசு அவற்றின் சான்றைவிடப் பெரியது. ஆனாலும் 1995-இல் 4% நியாசினமைடு ஜெல் எட்டு வாரத்தில் 1% கிளிண்டாமைசினுக்கு நிகராகப் பருவைக் குறைத்ததாக ஓர் ஆய்வு உண்டு. பெரும்பாலோர் எளிதாகத் தாங்கும் பொருள் என்பதால் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கட்டி கட்டியாக வரும் பரு, குழி விழத் தொடங்கிவிட்ட முகம், மாதவிடாய் ஒழுங்கின்மையோடும் தாடையில் முளைக்கும் ரோமத்தோடும் சேர்ந்து வரும் பரு ஆகியவற்றுக்குக் களிம்பு போதாது. அவற்றுக்கு வாய்வழி மருந்து வேண்டும். அதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குறிப்பாக ஐசோட்ரெட்டினோயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் கடைக்காரர் சொல்லியோ தோழி சொல்லியோ வாங்கும் பொருளில்லை.

வெயிலுக்கு வருவோம். புற ஊதாக் கதிர் நுண்குழாய்களை விரியச் செய்கிறது, அழற்சியை நீட்டிக்கிறது. அதனால் சன்ஸ்கிரீன் வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான பாடம். நம் நிறத்துக்கு மட்டும் இன்னொரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே நான்கு முதல் ஆறாம் வகைத் தோல்களில் ஆழமான, நீடித்த கருமையை உண்டாக்குவதைக் காட்டியது. வெளிர்ந்த இரண்டாம் வகைத் தோலில் அப்படி நடக்கவில்லை. வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள 'டின்டட்' வகைகள் தடுக்கும். கூடவே திட்டையும் கொஞ்சம் மறைத்துவிடும். சன்ஸ்கிரீன் பூசினால் வியர்த்துப் பிசுபிசுத்து மேலும் பரு வருகிறது என்ற புகாரில் உண்மை இல்லாமலில்லை. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் கெட்டியான க்ரீம் வகை ஒத்துவராது. ஜெல் அல்லது லேசான லோஷன் வகையை, துளை அடைக்காதது என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்கலாம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அந்த அளவைப் பூச முடியாதவர்கள் குடையையும் தொப்பியையும் கேவலமாக நினைக்க வேண்டாம்; பாதிப் பூச்சைவிட முழுக்குடை மேல்.

மூன்று நாள் அதிசயத்துக்கு இப்போது வரலாம், இந்த அத்தியாயத்தில் மிகவும் முக்கியமான பகுதி அதுதான். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் சிவப்பு மறையும். அதில் சந்தேகமே இல்லை. 1962-இல் மெக்கன்ஸி, ஸ்டோட்டன் இருவரும் ஸ்டீராய்டு களிம்புகளின் வலிமையை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். களிம்பைத் தோலில் பூசி, அந்த இடம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்ப்பதே அந்த முறை. இன்றுவரை அந்த அடிப்படையில்தான் இவை வரிசைப்படுத்தப்படுகின்றன. ரத்தக் குழாயைச் சுருக்குவதுதான் அவற்றின் அளவுகோலே என்றால், பருச்சிவப்பு மேல் பூசியதும் அது வெளிறுவதில் வியப்பென்ன? வெளிறுவதைக் குணமாவதாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. வாரங்கள் போகப் போக மேல்தோல் மெலிகிறது. மெலிந்த தோல் வழியே குழாய்கள் முன்பைவிடத் துலக்கமாகத் தெரிகின்றன. நிரந்தரமாக விரிந்த சிறு ரத்தக் குழாய்க் கோடுகள் தோன்றுகின்றன. ஸ்டீராய்டே புதிதாகப் பருவைக் கிளப்புகிறது. நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கிறது. அதற்குப் பயந்து மறுபடி பூசுகிறார்கள். சிவப்புக்குப் பூசிய மருந்தே சிவப்பின் காரணமாகிவிடும் இந்த நிலைக்கு, 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் பன்னிரண்டு தோல் மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைக் கணக்கெடுத்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுக்க என்பதும் பருவுக்கு என்பதும் முன்னணிக் காரணங்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே இல்லை. அதிகம் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பரு.

'டாக்டரே எனக்கு எழுதிக் கொடுத்தாரே' என்பார்கள் சிலர். நியாயமான கேள்விதான். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமுக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. கிளிக்மன், வில்லிஸ் இருவரும் 1975-இல் வெளியிட்ட கலவையின் வழிவந்தது அது. மங்கு எனப்படும் கருந்திட்டுக்குச் சில வாரங்கள், மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுவது. அந்தச் சில வாரத்துக்கான சீட்டை ஆண்டுக்கணக்கில் கடையில் நீட்டி வாங்குவதும், அக்காவுக்கு எழுதியதைத் தங்கை பூசுவதும்தான் சிக்கல். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு கட்டாயமான ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் ட்யூபை நாமே படிக்கக் கற்றுக்கொள்வது அதைவிட உறுதியான காவல். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் பருச்சிவப்புக்கு அது வேண்டாம். பெயரே அச்சிடாமல் டப்பாவில் அடைத்து 'ஸ்பெஷல் க்ரீம்' என்று தரப்படுவது அதைவிட மோசம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறிந்தால் முகம் எகிறிச் சிவக்கலாம். தோல் மருத்துவரிடம் போய், பூசிய க்ரீமையும் காட்டி, படிப்படியாக வெளியே வருவதே நல்லது.

ரத்தக் குழாயைச் சுருக்கும் வேறு பூச்சு மருந்துகளும் உண்டு. ரோசேஷியாவுக்காக அமெரிக்காவில் 2013-இல் பிரைமோனிடினும் 2017-இல் ஆக்ஸிமெட்டாஸோலினும் அங்கீகாரம் பெற்றன. இவை சில மணி நேரம் வேலை செய்யும். பிறகு சிவப்பு திரும்பும், பிரைமோனிடினில் சிலருக்கு முன்பைவிடக் கூடுதலாகவே திரும்பும். கல்யாண நாளுக்கு உதவலாம், சிகிச்சையென்று சொல்ல முடியாது.

லேசரைப் பற்றி இரு துருவப் பேச்சுகள் இருக்கின்றன: அதுதான் ஒரே தீர்வு என்று ஒன்று, முகத்தைப் பொசுக்கிவிடும் என்று மற்றொன்று. அதன் அடிப்படையைப் புரிந்துகொண்டால் இரண்டும் மிகை என்று தெரியும். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் முன்வைத்த கோட்பாடு இது: குறிப்பிட்ட அலைநீள ஒளியை மிகக் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால், அதை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகும், சுற்றுப்புறம் தப்பிக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சும் 585, 595 நானோமீட்டர் ஒளியைத் தரும் பல்ஸ்டு டை லேசர் இந்த வழியில் வந்தது. பருச்சிவப்புக்கு அதன் பலன் உண்மையானதுதான். ஆனால் அதே ஒளியை மெலனினும் உறிஞ்சும். மெலனின் மிகுந்த தோலில் ஒளியின் ஒரு பங்கு ரத்தக் குழாயை எட்டும் முன்பே மேல்தோலில் சூடாக மாறுகிறது. சிவப்பு போய், அதன் இடத்தில் பல மாதம் நிற்கும் கருமையோ வெளிறிய தழும்போ வரக்கூடும். பல அலைநீளங்களை ஒரே வீச்சில் பாய்ச்சும் ஐபிஎல் கருவியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசர் நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. பணம் இருக்கிறது, எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: பரு அடங்காத முகத்துக்கு லேசர் செய்வது, ஓட்டை அடைக்காத வீட்டில் தரையைத் துடைக்கும் செலவு. பரு ஓய்ந்து சில மாதங்கள் ஆகியும், கண்ணாடி அழுத்தத்தில் வெளிறும் சிவப்பு அப்படியே நின்றால் அப்போது யோசிக்கலாம். போகும் இடத்தில் கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். மாநிற, கறுப்புத் தோலில் அவர்கள் செய்ததன் முன்-பின் படங்களைக் கேளுங்கள். காதோரம் சிறிய இடத்தில் சோதித்துச் சில வாரம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக் கைவைத்தியங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளத் தேவையில்லை, ஆனால் சலுகையும் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். அதன் எரிச்சலே புது அழற்சி, அதைப் பூசி வெயிலில் போனால் கருமையும் சேரும். பற்பசை பற்களுக்கானது. படிகாரம், வால்நட் தூள் ஸ்க்ரப், பார்லர் பிளீச் எல்லாமே மெலிந்திருக்கும் தோலுக்கு மேலும் எரிச்சலூட்டும். மஞ்சளிலுள்ள குர்க்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் ஆய்வகத்தில் காணப்பட்டதுதான். ஆனால் முகத்தில் பற்றுப் போட்டதும் சிவப்பு குறைந்ததாகத் தெரிவதில் மஞ்சள் நிறத்தின் பங்கு பெரிது, மஞ்சளே ஒவ்வாமை தரும் முகங்களும் உண்டு. ஐஸ் கட்டியை ஒத்தினால் குழாய் சுருங்கும், சில நிமிடத்தில் விரியும். கடலை மாவோ பயத்தம் மாவோ தேய்த்துக் கழுவுகிறவர்கள் தேய்க்காமல் குழைத்துக் கழுவினால் போதும். இவை எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பது விரல் நகம். கிள்ளிய பரு கிள்ளாத பருவைவிட நெடுநாள் சிவந்திருக்கும்.

எல்லா மறுப்புகளிலும் வலுவானது ஒன்று பாக்கியிருக்கிறது: ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலான சிவப்பு தானாகப் போய்விடும்தானே? ஆம், போகும். அதனால்தான் சந்தையிலுள்ள எந்தப் பூச்சும் தன்னால்தான் போனது என்று உரிமை கொண்டாட முடிகிறது. ஆறு மாதத்தில் தானே மறையும் திட்டின் மேல் ஆறு மாதம் எதைப் பூசினாலும் பலித்ததாகவே தோன்றும். முகத்தின் ஒரு பாதியை ஒப்பீட்டுக்கு விட்டுவைக்கும் ஆய்வுகளின் மதிப்பு இங்கேதான். எப்போதோ வந்துபோன ஒற்றைப் பருவின் சிவப்பு என்றால் சன்ஸ்கிரீனைத் தவிர எதுவும் வேண்டாம், காத்திருங்கள். பரு தொடர்ந்து வருகிறது, அல்லது ஏற்கெனவே ஒன்றிரண்டு குழி விழுந்திருக்கிறது என்றால் காத்திருப்பதற்கு விலை உண்டு; பருச் சிகிச்சையைத் தொடங்குங்கள், சிவப்பு மறைந்த பின்னும் அடாபலீன் போன்ற ஒன்றை மாதக்கணக்கில் தொடருங்கள். பலனை அன்றாடம் கண்ணாடியில் தேடினால் கிடைக்காது. மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் அருகில், அதே நேரத்தில், ஃபில்டர் இல்லாமல் படம் எடுத்து ஒப்பிடுங்கள். குளித்த உடனும் காரமாகச் சாப்பிட்ட உடனும் எடுக்காதீர்கள். அப்போது எல்லா முகமும் சிவந்தே இருக்கும்.

கடைசியாக, பருச்சிவப்பைப் போலவே தோன்றி, மேலே சொன்ன எதற்கும் கட்டுப்படாதவை சில உண்டு. திட்டுத் திட்டாக இல்லாமல் கன்னமும் மூக்கும் பரவலாகச் சிவந்து, வெயிலிலும் சூடான பானத்திலும் எரிந்தால் அது ரோசேஷியாவாக இருக்கலாம். மாநிறத் தோலில் அதை மருத்துவர்களே தவறவிடுவதுண்டு. நெற்றியில் ஒரே அளவில் நெருக்கமாக அரிக்கும் சிறு பொரிகள் பூஞ்சைத் தொற்றாகலாம். அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடும். தாடையோரத்திலும் மார்பிலும் தோளிலும் பரு ஆறிய இடம் தட்டையாக இல்லாமல் சிவந்து தடித்து, கெட்டியாக, அரிப்போடு வளர்ந்தால் அது மேடேறும் தழும்பு. பலருக்கு அது மருத்துவர் தழும்புக்குள்ளேயே ஊசி போட்டுக் கரைக்க வேண்டிய விஷயம். சிறியதாக இருக்கும்போதே போய்க் காட்டினால் சில ஊசிகளோடு முடியும்.